ஓதின தண்ணீரைக் கொதிக்க வைத்தவள்

என் மகள் இப்போதெல்லாம் அஸர் தொழுகை முடிந்த பிறகும் பாயை விட்டு எழும்புவதில்லை. கண்களை மூடி, தலையைச் சற்றுச் சாய்த்து, உதடுகள் மட்டும் அசைய அப்படியே இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் பரீட்சை வருகிறது. புத்தகங்கள் மேசையில் விரித்தபடி கிடக்கின்றன. ஊரில் மற்ற உம்மாமார் தங்கள் பிள்ளைகள் தொழுவதில்லை என்று மூக்கைச் சிந்துகிறார்கள். நான் என் பிள்ளை அதிகம் தொழுகிறாளே என்று கதவிடுக்கால் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இதை வெளியில் சொன்னால் என்னைத்தான் ஓதிப் பார்க்கக் கூட்டிப்போவார்கள்.

என் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. இந்த வீட்டில் முன்பு ஒருவர் இப்படித்தான் கண்ணை மூடினார். அவர் திறந்து பார்ப்பதற்குள் இந்தப் பிள்ளை எங்கள் கையை விட்டுப் போகப் பார்த்தாள். கண்ணை மூடியவர் வேறு யாருமில்லை, இவளுடைய வாப்பாதான்.

நான் கட்டிக்கொண்ட காலத்தில் அவர் கண்ணையும் மூடமாட்டார், வாயையும் மூடமாட்டார். வயற்காரர். வயல் வட்டையில் அவருடைய சத்தம் கேட்டுத்தான் கொக்கு எழும்பும் என்பார்கள். அக்கரைப்பற்றுக்குப் போகிற பஸ் எங்கள் சந்தியில் நிற்காமல் பறந்துகொண்டிருந்த காலம் அது. ஒருநாள் அவர் சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நடுறோட்டில் போய் நின்றார். சாரதி ஹோர்னை அழுத்தினான். இவர் அசையவில்லை.

"ஒண்டு, ஆக்கள ஏத்து. இல்லாட்டி பஸ்ஸ என்ட மேல ஏத்து!"

அன்றிலிருந்து பஸ் நிற்கிறது. கல்முனைக்குப் படிக்கப் போன எத்தனையோ பிள்ளைகள் அந்தச் சத்தத்தில் ஏறித்தான் போனார்கள். சந்தியில் லைட் எரிந்ததும், மருந்துச்சாலை வாரத்தில் ஒருநாளாவது திறந்ததும் அவருடைய தொண்டையால்தான். வீட்டில் அதே தொண்டை, கறியில் உப்புக் கூடினாலும் திறக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பஸ்ஸுக்குத் தனித் தொண்டை, கறிக்குத் தனித் தொண்டை என்று அல்லாஹ் படைக்கவில்லை.

பிறகு சூறாவளி வந்தது. எழுபத்தெட்டாம் ஆண்டு அடித்த காற்றை எங்கள் கரையில் யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. தென்னைகள் விழுந்தன, கூரைகள் போயின, பள்ளிவாசலின் பின்சுவரும் சரிந்தது. காற்று ஓய்ந்ததும் ஊர் தன்னைத்தானே பார்க்கத் தொடங்கியது. நாங்கள் செய்த பாவத்துக்குத்தான் இது என்று எல்லோரும் சொன்னார்கள். யார் செய்த பாவம் என்பதில் மட்டும் ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டைப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் தெற்குக் கடற்கரை ஊரொன்றிலிருந்து ஒரு ஷெய்கு வந்தார். மெலிந்த மனிதர், தாழ்ந்த குரல். வெள்ளி இரவுதோறும் மஃரிபுக்குப் பின் பள்ளியில் திக்ரு மஜ்லிஸ் வைத்து, அல்லாஹ்வின் பேரைக் கூட்டமாக ஓதவைத்தார். அவர் சொன்னது புதிதல்ல, ஆனால் ஊருக்கு அப்போது அது தேவைப்பட்டது. மனிதனுக்குப் பெரிய எதிரி அவனுடைய நப்ஸு, அந்த உள்மனத்தின் ஆசையும் கோபமும். வெளியில் சண்டை பிடிப்பதை விடு, உள்ளே பிடி. கல்பென்கிற இதயத்தைத் துலக்கு. கல்பு துலங்கினால் மற்றதெல்லாம் துலங்கும்.

என் கணவர் முதல் மஜ்லிஸுக்குப் போய்வந்த அன்று வீட்டுக்குள் செருப்புச் சத்தமே கேட்கவில்லை. கறியில் உப்புக் கூடியிருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் சாப்பிட்டு முடித்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அடுத்த நாள் வேண்டுமென்றே இன்னொரு சிட்டிகை போட்டுப் பார்த்தேன். அதற்கும் அல்ஹம்துலில்லாஹ். சுருட்டை விட்டார். வயலில் வேலையாட்களை ஏசுவதை விட்டார். உண்மையைச் சொன்னால் அந்தப் புதிய மனிதர் எனக்குப் பிடித்திருந்தார். பக்கத்து வீட்டிலிருந்த, எனக்கு மூத்தவளான என் ராத்தா, தன் மாப்பிள்ளையையும் அந்த மஜ்லிஸுக்குத் தள்ளிவிட்டாள். ஒழுங்கையிலிருந்த பெண்களெல்லாம் ஆளுக்கொரு மாப்பிள்ளையை வண்ணானுக்குத் துணி போடுவது மாதிரி அங்கே போட்டோம்.

எங்கள் ஒழுங்கையை, அந்த ஒடுங்கிய தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை கட்டிய சாறத்தோடு வந்து சேர்வார். அந்த ஒழுங்கையில் இருந்ததெல்லாம் என் உம்மா வழிப் பெண்களின் வீடுகள். ராத்தா, நான், சாச்சியின் மகள்மார். ஆண்கள் அத்தனை பேரும் வேறு தெருக்களிலிருந்து வந்தவர்கள். ஒழுங்கையில் ஏதாவது பழுதென்றால் விருந்துக்கு வந்தவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். வயலும் பள்ளியும் அவர்களுடையவை. வீடும் ஒழுங்கையும் எங்களுடையவை. இரண்டுக்கும் நடுவில் எது விழுந்தாலும் அதற்கு ஆளில்லை.

விழுந்தது பள்ளியின் தண்ணீர். சூறாவளியில் சரிந்த பின்சுவரை எழுப்பும்போது, தொழுமுன் கைகால் கழுவி ஒழு எடுக்கும் ஹவுள் தொட்டியையும் பெரிதாகக் கட்டினார்கள். பக்கத்திலேயே கக்கூஸும் கட்டினார்கள். மஜ்லிஸுக்கு அவ்வளவு கூட்டம். கழுவிய தண்ணீர் எல்லாம் ஒரு குழாயால் பின்பக்கம் வந்தது, வடிந்தோடக் கான் எதுவும் வெட்டவில்லை. பள்ளிக்குப் பின்பக்கம் என்றால் எங்கள் ஒழுங்கை. வயற்பக்கத்துத் தாழ்ந்த நிலம், களிமண். கோடையில் அது ஓரமாக ஊறிக் கிடந்தது. மாரி தொடங்கியதும் எழும்பி எங்கள் வாசல் கடப்படிவரை வந்தது. முன்பக்கத்தில் ஆண்கள் எவ்வளவுக்குச் சுத்தமானார்களோ அவ்வளவுக்குப் பின்பக்கத்தில் நாங்கள் சேற்றில் நின்றோம்.

இதில் எனக்கு விளங்காத விஷயம் ஒன்று. இந்த ஆண்கள் எல்லோரும் வயற்காரர்கள். பயிருக்குத் தண்ணீர் ஓரங்குலம் கூடினால் தூக்கம் வராது. வரம்பை எங்கே வெட்ட வேண்டும், எந்தப் பக்கம் சரிவு, வடிச்சல் எங்கே போய் விழும் என்பதெல்லாம் கையில் ரேகை மாதிரித் தெரியும். அதே ஆண்கள் எங்கள் ஒழுங்கையில் சாறத்தைத் தூக்கிப் பிடித்து, முழங்கால் தண்ணீரை சபூரோடு, பொறுமையாகக் கடந்து, திக்ருக்குப் போனார்கள்.

நான் சொல்லாமல் இருக்கவில்லை.

"இஞ்சேருங்க, பள்ளிட ஊத்தத் தண்ணி நம்மட கடப்படிக்கு வந்திட்டு. மரைக்கார்மாருக்கிட்டச் சொல்லுங்க."

"சொல்லலாம்தான். பள்ளிக்குள்ள துன்யாக் கதை, உலகக் கதை கதைக்கப்படாதே."

"அப்ப வெளிய வச்சுச் சொல்லுங்க."

"வெளிய வந்தா, மறுகா ஆரு பள்ளியப் பத்திக் கதைக்கிற? எல்லாரும் வயலப் பத்தியெல்லோ கதைக்கிற."

இதைவிட ஒழுங்காக ஒரு கதவை இரண்டு பக்கத்தாலும் பூட்ட முடியாது. நான் இன்னும் நெருக்கினால் கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பார்.

"ஒழுங்கையில கிடக்கிற ஊத்தையப் பாக்கிற கண்ணுக்கு, உள்ள கிடக்கிற ஊத்த தெரியா புள்ள. முதல்ல உள்ளுக்க இருக்கிற கானத் துப்பரவாக்குவம்."

வேலிக்கு அந்தப் பக்கம் ராத்தா மீன் கழுவிக்கொண்டிருப்பாள்.

"உண்ட மாப்பிள உள்ளுக்குள்ள கான் வெட்டுறாராம் கா. அதுக்குள்ளயும் கடிக்கிற நுளம்பு இரிக்கா எண்டு கேளு. இரிந்தா நம்மட நுளம்ப அங்க அனுப்புவம்."

சிரித்தோம். அந்த மாரியும் அடுத்த மாரியும் சிரித்துக்கொண்டே இருந்தோம்.

மூன்றாம் மாரியில் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. அப்போது அவளுக்கு ஏழு வயது. முதலில் தலையிடி என்றாள். காய்ச்சல் அவசரப்படாமல் நாளுக்கு நாள் ஏறியது. வயிறு ஊதியது. பிள்ளை கூரையைப் பார்த்துக்கொண்டு பொருந்தாத கதை கதைக்கத் தொடங்கினாள். ஆஸ்பத்திரியில் நெருப்புக்காய்ச்சல் என்றார்கள், இங்கிலீஷில் டைபொயிட்.

"எங்க தண்ணி எடுக்கிற?" என்று டாக்டர் கேட்டார்.

"வீட்டுக் கிணத்தில."

"கிணத்துக்குப் பக்கத்தில என்ன கிடக்கு?"

"பள்ளி" என்றேன்.

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "பள்ளியால காய்ச்சல் வராதே."

"பள்ளிட ஊத்தத் தண்ணி" என்றேன்.

நான் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்குச் சுகாதாரம் படிப்பித்தவள். கிணற்றையும் குழியையும் கரும்பலகையில் கீறி, இரண்டுக்கும் நடுவில் தூரம் வேண்டும் என்று அம்புக்குறி போட்டுக் காட்டியவள். அந்த அம்புக்குறி கட்டிலில் கிடந்த பிள்ளையின் வயிற்றில் போய் நின்ற மாதிரி இருந்தது. எங்கள் ஒழுங்கையில் அந்நாட்களில் தண்ணீரைக் கொதிக்க வைப்பது தேயிலைக்கு மட்டும்தான்.

இவளுடைய வாப்பா அழவில்லை, கத்தவில்லை. கட்டிலடியில் வாங்குப் பலகையில் இருந்து கண்ணை மூடி ஓதிக்கொண்டிருந்தார். மஜ்லிஸ்காரர்களும் வெள்ளை உடுத்து வந்து வரிசையாக இருந்து ஓதினார்கள். நல்ல மனிதர்கள். யாருக்காவது இரத்தம் தேவையென்றால் அத்தனை பேரும் சட்டைக் கையை மடித்திருப்பார்கள். ஆனால் தேவைப்பட்டது இரத்தமில்லை, ஒரு வாய்க்கால்.

ஒருநாள் பின்னேரம் அவர் ஒரு சோடாப் போத்தலோடு வந்தார். வாயில் கடதாசி சுருட்டி அடைத்திருந்தது. இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"ஷெய்கு நாயகம் ஓதித் தந்த தண்ணி. மகளுக்கு மூணு முடறு குடு."

"எந்தத் தண்ணி?"

"பள்ளிக் கிணத்துத் தண்ணி. நானே அள்ளின."

பெருமையாகச் சொன்னார். அவருடைய முகத்தில் அவ்வளவு நம்பிக்கை. எனக்கு அந்த முகத்தைப் பார்த்து அழுகை வந்தது. பள்ளிக் கிணறு அந்தக் கக்கூஸுக்கும் ஹவுளுக்கும் நடுவில்தான் இருந்தது.

அவர் தொழப் போன நேரம் பார்த்து நான் போத்தலை எடுத்துக்கொண்டு வார்டின் மூலைக்குப் போனேன். நோயாளிகளுக்குச் சுடுதண்ணீர் வைக்க அங்கே ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு இருந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லி, ஓதின தண்ணீரைக் கேத்திலில் ஊற்றிக் கொதிக்க வைத்தேன். ஒருபக்கம் பிள்ளை, ஒருபக்கம் படைத்தவன். கேத்தில் இரைந்தபோது யாரோ என்னைக் கண்டிக்கிற சத்தம் மாதிரியே இருந்தது.

"என்ன காய்ச்சிறாய்?"

திரும்பினேன். அவர் நின்றார்.

"உங்கட தண்ணிய."

அவருடைய முகத்தில் பழைய மனிதர் மெல்ல மெல்ல ஏறி வந்தார். கழுத்து நரம்பு எழும்பியது.

"ஓதின தண்ணியையா? அடுப்பிலயா? உனக்கு ஈமான் இரிக்கா? ஏய், உனக்கு ஈமான் இரிக்கா எண்டு கேக்கிறன்!"

பஸ்ஸை நிறுத்திய அதே குரல். வார்டே எழும்பி உட்கார்ந்தது. கல்முனையில் மாதா கோயிலுக்குப் போகிற ஒரு வேதக்காரத் தாதி அங்கே வேலை செய்தார். அவர் ஓடி வந்தார்.

"ஐயா, சத்தம் போடாதீங்கோ. எல்லாரும் வருத்தக்காரர். தண்ணி கொதிச்சா நல்லம்தானே?"

எனக்கு அந்த நேரத்தில் ஏன் அப்படி வந்ததோ தெரியாது. பயம் முற்றினால் சிலருக்குச் சிரிப்பு வரும்.

"வந்திட்டு, பாருங்க" என்றேன். "இவ்வளவு காலமா உள்ளுக்குள்ள தேடின உங்கட நப்ஸு, இந்தக் கேத்திலுக்குள்ள ஒளிச்சி இரிந்திரிக்கி."

அவர் அஸ்தஃபிருல்லாஹ் என்று சொல்லி வாங்கில் இருந்துவிட்டார். அவர் திரும்ப எழும்பும்போது குரல் உடைந்திருந்தது.

"பரக்கத்து எரிஞ்சிருக்கும். இனி அது வெறும் தண்ணி."

இப்போது பெரிய சிக்கல் வந்தது. ஓதின தண்ணீர் என்றால் கால்படும் இடத்தில் ஊற்றக்கூடாது. வெறும் தண்ணீர் என்றால் பிள்ளைக்குக் கொடுத்துப் பயனில்லை. கொடுக்கவும் முடியாமல் ஊற்றவும் முடியாமல் அதை ஆறவைத்துத் திரும்பப் போத்தலில் அடைத்தோம். அது கட்டிலுக்குக் கீழே எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. பிள்ளை மேலே கிடந்து அனத்தினாள்.

மறுநாள் ராத்தாவைப் பிள்ளைக்குக் காவல் வைத்துவிட்டு, போத்தலைச் சீலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு நேரே ஷெய்கிடம் போனேன். அவர் தங்கியிருந்த வீட்டில் பின்னேரங்களில் பெண்கள் திரைக்கு இப்பால் இருந்து குறை சொல்வார்கள். எனக்கு முன் இருந்தவள் மாப்பிள்ளைக்கு வெளிநாடு கிடைக்க ஓதச் சொன்னாள். என் முறை வந்ததும் போத்தலைத் திரைக்குக் கீழால் தள்ளினேன்.

"என்ன மகள் இது?"

"நீங்க ஓதின தண்ணி, ஹழ்றத்து. நான் கொதிக்க வச்சிட்டன். பரக்கத்து போயிட்டா எண்டு கேக்க வந்த."

பக்கத்திலிருந்த பெண்கள் என்னை விட்டு ஒரு முழம் நகர்ந்தார்கள். திரைக்கு அப்பாலிருந்து இருமல் மாதிரி ஒன்று வந்தது. சிரிக்கிறார் என்று விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"என்னத்துக்குக் கொதிக்க வச்ச?"

"புள்ளைக்கு நெருப்புக்காய்ச்சல். தண்ணியால வந்ததாம்."

சிரிப்பு நின்றது. "நான் ஓதின தண்ணியாலயா?"

"இல்ல, ஹழ்றத்து. இது பொறகு வந்த. ஆனா கிணறுகளெல்லாம் ஒரே ஊத்தையிலதான் இரிக்கி."

"கொதிக்க வச்சது சரி" என்றார். "அல்லாஹ்ட பேர் நெருப்பில வேகாது. கொண்டுபோய்க் குடுங்க." பிறகு, "கிணறு ஏன் ஊத்தையான?" என்றார்.

"நீங்க பள்ளிக்கு முன்பக்கத்தால வாறீங்க. ஒருக்காப் பின்பக்கத்தாலயும் வந்து பாருங்க."

திரைக்கு இப்பால் இருந்தபடியால் இவ்வளவும் சொன்னேன். முகம் பார்த்துச் சொல்லியிருப்பேனா, தெரியாது. ஆஸ்பத்திரிக்குத் திரும்பி மூன்று முடறு கொடுத்தேன். மருந்தும் கொடுத்தார்கள். எதனால் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது என்று இந்த வீட்டில் இன்றைக்கும் யாரும் யாரிடமும் கேட்பதில்லை. கேட்டால் சண்டை வரும்.

ஷெய்கு மெய்யாகவே பின்பக்கத்தால் வந்தார். ராத்தா ஆஸ்பத்திரிக்கு வந்து அந்தக் காட்சியைக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். சீடர்களான முரீதுகள் குடை பிடித்து வந்தார்களாம். ஒழுங்கை நடுவில் ஷெய்கின் செருப்பு சேற்றில் புதைந்து நின்றுவிட்டதாம். அதை எடுக்கக் குனிந்தவர் அந்தத் தண்ணீரை மணந்து பார்த்தாராம். நிமிர்ந்து என் கணவரைப் பார்த்து, "நான் உங்களக் கோபத்தக் கீழ வைக்கச் சொன்ன. மம்பட்டிய ஆரு கீழ வைக்கச் சொன்ன?" என்று கேட்டாராம்.

நல்ல வசனம்தான். ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி வியந்தார்கள். அதை இரண்டு மாரிக்கு முன்பே சொல்லியிருந்தால் இன்னும் நல்ல வசனமாக இருந்திருக்கும் என்று நான் நினைத்தேன். ஆனால் என் பிள்ளை அப்போது கண் விழித்து கஞ்சி கேட்டிருந்தாள். அதனால் ஷெய்கை மன்னித்தேன்.

அடுத்த நாள் ஒழுங்கையில் மண்வெட்டிகள் இறங்கின. என் கணவர் வட்டையில் செய்கிற மாதிரியே செய்தார். வயலில் மாரி வெள்ளாமைக்கு முன் வாய்க்கால் துப்பரவு என்றால், காணிக்கேற்ப ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு. அவரவர் பங்கை அவரவர் வெட்ட வேண்டும். அதையே வீட்டுக்கு வீடு பிரித்தார். மாப்பிள்ளைமார் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றாள் ராத்தா. வந்த நாள் தொடங்கி விருந்தாளியாக இருந்தவர்கள், பெண்சாதியின் வாசலை முதன்முதல் மண்வெட்டியோடு பார்க்கிறார்கள்.

"எண்ட மாப்பிளைக்கு எங்கட வளவு எந்தப் பக்கம் முடியிது எண்டே தெரியா கா" என்றாள். "அடுத்தவள்ட பங்கையும் சேத்து வெட்டிட்டு நிக்கிறார்."

கான் பள்ளியிலிருந்து இறங்கி, எங்கள் வீடுகளைத் தாண்டி, ஒழுங்கையின் கடைசி வரை போனது. அங்கே நின்றது. கடைசி வளவு, பள்ளி நிர்வாகத்திலிருந்த ஒரு மரைக்காருடையது. சரியாகச் சொன்னால் அவருடைய மனைவியுடையது. சூறாவளிக்குப் பிறகு புது வேலி அடைத்தபோது அவர் அந்த வேலியை ஒழுங்கைக்குள் தள்ளி அடைத்திருந்தார். வேலிக்கு அப்பால்தான் வயலின் வடிச்சல் வாய்க்கால். தண்ணீர் வேலியில் முட்டித் திரும்பிப் பார்த்தது.

டாக்டர் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார். நான் மாட்டேன் என்றேன். எந்த வீட்டுக்குக் கொண்டுபோவது? மாரி இன்னும் முடியவில்லை. தேங்கிய தண்ணீர் இப்போது கானுக்குள் ஒழுங்காகத் தேங்கி நின்றது, அவ்வளவுதான். பிள்ளைக்கு எழும்பி நிற்கக் காலில் பெலனில்லை. திரும்ப ஒருதரம் அந்தக் காய்ச்சல் வந்தால் தாங்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

"போய் மரைக்காரோட கத்துங்களன்!" என்றேன் அவரிடம்.

"கத்துறல்ல எண்டு ஷெய்குக்கு வாக்குச் சொல்லி பைஅத்துக் குடுத்திரிக்கன்."

"பஸ்ஸ மறிச்ச மனிசனுக்கு ஒரு வேலிய அசைக்க ஏலாதா?"

வீட்டில் கத்திக் கத்தி என் காதைத் தேய்த்த அந்தப் பழைய தொண்டைக்காக நான் ஏங்குவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. எனக்கு வேண்டியது பழைய தொண்டையும் புதிய மனிதரும். அப்படி ஒரு ஆள் எந்தக் கடையில் கிடைப்பார்?

மறுநாள் சுபுஹு தொழுதுவிட்டு அவர் நேரே மரைக்காரின் வேலிப் படலையடியில் போய் நின்றார். கையில் தஸ்பீஹு மணி. முகத்தில் சிரிப்பு.

"என்ன மச்சான்?" என்று மரைக்கார் பல்லுத் துலக்கிக்கொண்டு வந்தார்.

"ஒண்டுமில்ல காக்கா. வேலிக்கு சலாம் சொல்ல வந்த."

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். ஏசவில்லை, கேட்கவில்லை, வேலியைத் தொடவில்லை. விடியற்காலையில் வயலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அந்த வழியால்தான் போவார்கள். ஒவ்வொருவரும் நின்று, இவரைப் பார்த்து, வேலியைப் பார்த்து, பிறகு கானைப் பார்த்தார்கள். மரைக்கார் வெளியில் வருவதை நிறுத்தினார். கடைசியில் உள்ளேயிருந்து அவருடைய மனைவியின் சத்தம்தான் வந்ததாம்.

"திரும்ப வந்திட்டார் அந்தாள்! வளவு எண்ட, வேலியும் எண்ட. அந்தப் புள்ள ஆஸ்பத்திரியில கிடக்கக்குள்ள எனக்கு இந்த அரை முழம் என்னத்துக்கு? புடுங்கிக் குடுங்க!"

மரைக்கார் வேலியைப் பிடுங்கினார். பிறகு சந்தைக் கடையில் இருந்து எல்லோரிடமும் புலம்பினாராம். "அவன் கத்தினா நானும் கத்துவன். வழக்குப் போட்டா நானும் போடுவன். சிரிச்சிக்கிட்டு நிக்கிறவன நான் என்ன செய்யிற?"

தண்ணீர் ஓடியது. பிள்ளையைக் கொண்டுவந்தோம்.

இதைப் பலதரம் திருப்பித் திருப்பி யோசித்திருக்கிறேன். பழைய மனிதர் என்றால் கான் முதல் மாரியிலேயே வெட்டப்பட்டிருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்திருக்காது. அது உண்மை. பழைய மனிதர் மரைக்காரோடு கத்தியிருந்தால் வழக்கு இன்றைக்கும் முடிந்திருக்காது, வேலி அங்கேயே நின்றிருக்கும். அதுவும் உண்மை. இரண்டையும் கூட்டிக் கழித்து ஒரு விடை எழுத என்னால் முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இப்படி விடையில்லாமல் தாளைத் தந்தால் நான் மார்க்ஸ் போடமாட்டேன்.

ஊர் இதனால் மாறிவிட்டது என்று எண்ண வேண்டாம். ஷெய்கின் வசனம் எல்லோர் வாயிலும் இருக்கிறது. அடுத்த ஒழுங்கையில் தண்ணீரும் இருக்கிறது. பள்ளியில் பிறகு மினாரா உயர்ந்தது. ஹவுளுக்குப் பளிங்குக் கல் பதித்தார்கள். மற்றக் கான்களைப் பற்றிக் கதைத்தால் இன்னும் யாராவது ஒருவர் கண்ணை மூடி, உள்ளே இருக்கிற கானைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார். அப்போதெல்லாம் என் கணவர் மெல்ல எழும்பி அந்த மனிதரின் படலையடியில் போய்ச் சிரித்துக்கொண்டு நிற்பார். சிலர் வெட்டுவார்கள். சிலர் திரும்பச் சிரிப்பார்கள். சிரிப்பவர்களை அவராலும் ஒன்றும் செய்ய முடிவதில்லை. வார்டில் எனக்குப் பரிந்து பேசிய அந்தத் தாதியைப் பிறகு நான் காணவில்லை. இடையில் வந்த வருடங்கள் அப்படி. எங்கள் ஆட்களும் தமிழ் ஆட்களும் மோதி, காரைதீவுப் பக்கம் தெரு மூடிக் கிடந்த நாட்களும் வந்தன. உள்ளே தேங்குகிற ஊத்தை என்று ஒன்று இருப்பது மெய்தான் என்று அந்த நாட்களில் எனக்கும் விளங்கியது. ஆனால் அப்போதும் நான் தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

இன்றைக்கும் எந்த வீட்டில் தண்ணீர் தந்தாலும் மணந்து பார்த்துத்தான் குடிக்கிறேன். கலியாண வீட்டில் பெண்கள் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்கள். மாரி இருட்டினால் காரணமில்லாமல் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். அவள் கையைத் தட்டிவிடுவாள்.

இன்று பின்னேரமும் அவள் பாயில் கண்ணை மூடி இருந்தாள். நான் கதவடியில் நின்றேன். ஏழு வயதில் காய்ச்சலில் கிடந்த அதே நெற்றி, அதே இமை. இவளும் உள்ளே போகிறாள், போனவள் திரும்பி வருவாளா, வந்தாலும் எத்தனை மாரி கழித்து வருவாள் என்று எண்ணினேன். கூப்பிடலாமா? தொழுகைப் பாயில் இருக்கிற பிள்ளையை என்னவென்று சொல்லிக் கூப்பிடுவது? பரீட்சை என்று சொன்னால் துன்யாக் கதை.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. தஸ்பீஹு மணி ஒன்று விரலால் நகர்ந்தது.

"உம்மா" என்றாள். "கேத்தில் கொதிச்சுக்கிட்டு இரிக்கி. என்னையே பாத்துக்கிட்டு நிக்காம போய் இறக்குங்க."